பெரியவன் கேட்ட டப்பா டிவி

பிள்ளைகளே, பொங்கலுக்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்த டப்பா டிவியைப் பற்றி நான் சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் சில பேரைத் திட்டியாக வேண்டும்.

பெரியவனே, முதலில் உன்னை. கார்த்திகையில் பெங்களூரிலிருந்து போன் செய்தாய்.

"அப்பா, நம்ம ஊர்ப் பக்கம் பழைய டியூப் டிவி ஓடுற கண்டிஷன்ல கிடைக்குமா?"

"எதுக்குடா?"

"என் பழைய கேசட் கேம் இருக்குதுல்ல, அதுல போட்டு விளையாடத்தான். பிளாட் டிவில அது நல்லா வராதுப்பா. இதுக்குன்னே இங்க ஒரு குரூப் இருக்குது. ஒவ்வொருத்தரும் நாலு அஞ்சு வச்சிருக்காங்க."

நாலு அஞ்சு! ஆள் கால் நீட்டிப் படுக்க இடமில்லாத ஊரில் டப்பா டிவியை அடுக்கி வைத்துக்கொண்டு, திரையில் படத்துக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய கோடு எப்படித் தெரிகிறது என்று போட்டோ பிடித்து அனுப்பிக்கொள்கிறார்களாம். நீ எனக்கும் அனுப்பினாய், பார்த்தேன். எல்லாரும் தாடி வைத்த ஆம்பிளைகள்.

அதே டிவி நம் வீட்டில் இருந்ததே. அரசாங்கம் சும்மா கொடுத்தது. பத்தாவது படிக்கும்போது உன் கூட்டாளிகள் வந்தால் அதன்மேல் போர்வையைப் போட்டு மூடுவாய். "பாத்தா சிரிப்பானுங்கப்பா" என்பாய். பிளாட் டிவி வாங்கிய அன்றைக்கே அதை நீயே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காயலான் கடையில் போட்டாய். இப்போது அதே டப்பா உனக்குப் பொக்கிஷமாகிவிட்டது.

இவ்வளவும் மனசுக்குள் திட்டிவிட்டுத் தேடத்தான் கிளம்பினேன். ஏனென்றால் வேலைக்குப் போன பிறகு நீ என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. சட்டை எடுக்கட்டுமா என்றால் ஆன்லைனில் வாங்கிவிட்டேன் என்பாய். முறுக்கு கொடுத்து அனுப்பட்டுமா என்றால் இங்கேயே கிடைக்கிறது என்பாய். அப்படிப்பட்டவன் வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டாய்.

ஜங்ஷன் பக்கத்துக் காயலான் கடைக்குப் போனேன். டப்பா டிவிகள் குப்பையாகக் குவிந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் டியூபின் பின்பக்கக் கண்ணாடிக் கழுத்து உடைந்திருந்தது; அது போனால் டிவியே போச்சு. கடைக்காரன் என் கண்ணெதிரிலேயே ஒன்றை எடுத்தான், கழுத்தில் சுத்தியலால் ஒரு போடு போட்டான். புஸ்ஸென்று மூச்சுப் போவது போல் ஒரு சத்தம். அதில் சுற்றியிருந்த செம்புக் கம்பியை உருவிக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்தான்.

"ஏம்பா, ஓடுதான்னு பாத்துட்டு உடைக்கக் கூடாதா?"

"ஓடுனா மட்டும் இத எவன் பாக்கப் போறான்? நீ பாக்கறியா?"

மடப்பயல். கண்ணாடியில் எவ்வளவு நுணுக்கமான வேலை அது! பீங்கான் கம்பெனியில் பாதி ஆயுசைக் கழித்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். கண்மூடித்தனமாக உடைக்கிற கை உருப்படுமா என்று வீடு வருகிற வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் கம்பெனியில் என்கூடத் தரம் பிரிக்கிறவர் ஒரு தகவல் சொன்னார். கம்மாபுரத்தில் அவர் தங்கச்சி வீடு இருக்கிற இடம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறது, சாமான்களைக் கழித்துக் கட்டுகிறார்கள், அங்கே ஒரு டிவி இருக்கிறது என்று. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஓடுதாம்மா?"

"ஓடாம என்னங்கண்ணே? நேத்துக்கூட சீரியல் பாத்தேன். ஒருநா ரிப்பேருன்னு படுத்ததில்ல. புது வூட்டுல வைக்க எடமில்ல, அதான் தரேன். பாத்து எடுத்துக்கிட்டுப் போங்க."

பீங்கான் சாமானைக் கட்டுகிற மாதிரியே வைக்கோல் திணித்துச் சாக்கில் கட்டி, ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்தேன். வாசலில் இறக்கியதும் உனக்குப் போன் போட்டேன்.

"டியூப்ல எங்கயும் கிராக் இல்லியே? நல்லா பாத்தியாப்பா?"

கிராக்கா? யாரிடம் கேட்கிறாய்? சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைச் சின்ன இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன் நான். 'ணங்' என்றால் நல்லது, 'டப்' என்றால் கீறல். மயிரிழைக் கீறல்கூட என் காதுக்குத் தப்பாது.

பிளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டிருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். அது மனுஷப் புத்தி. எனக்கு இருப்பது பீங்கான் புத்தி. பின்மூடியைக் கழற்றினேன். கம்பியை எடுத்து வந்தேன். டியூபின் வயிற்றில் தட்டினேன், 'ணங்'. பக்கவாட்டில் தட்டினேன், 'ணங்'. அப்படியே கழுத்திலும் ஒரு தட்டு.

புஸ்.

கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த உன் தங்கச்சி பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். என் கையிலிருந்த கம்பியையும் பார்த்தாள்.

"என்னப்பா சத்தம்?"

"ஒண்ணுமில்ல, நீ எழுது."

காயலான் கடைக்காரனாவது செம்புக் கம்பிக்காக உடைத்தான். நான் என் காது எவ்வளவு கெட்டிக்காரக் காது என்று காட்டுவதற்காக உடைத்தேன். அவனைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத்தான் பொருந்தும்.

சாயங்காலம் உனக்குப் போன் செய்து, "கம்மாபுரம் ரோட்டுல ஒரு பள்ளம்டா, வண்டி குதிச்சிருச்சு, கழுத்து போயிருச்சு" என்றேன்.

"சரி விடுப்பா. பிளாட் டிவிலயே அந்தக் கோடு வர்ற மாதிரி ஒரு செட்டிங் இருக்குது. பாத்துக்கலாம்."

செட்டிங் இருக்கிறதாம்! அப்புறம் எதுக்குடா என்னை அலைய விட்டாய் என்று கத்த வாயெடுத்தேன். கத்துகிற யோக்கியதை எனக்கு இல்லை.

பொங்கலுக்கு வந்தாய். அந்த டிவியின் பின்னால் குந்திக்கொண்டு உடைந்த கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாய்.

"ரோடு அவ்ளோ மோசமாப்பா?"

"மோசம்டா."

கரும்பு கடித்துக்கொண்டிருந்த பாப்பா கடிப்பதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கம்மாபுரம் ரோடு ஒழுங்காகத்தான் இருக்கிறது. உடைத்தது நான். பாப்பா, எனக்காக நீ வாயை மூடிக்கொண்டது போதும். இதை முதலில் நீ படி. படித்துவிட்டு உன் கையாலேயே அண்ணனுக்கு அனுப்பிவிடு.