முசிறிப் பக்கம்

அப்பாவுக்கு முப்பதாம் நாள் கழிந்த மறுநாள் நான் லொறி ஏறினேன். அதுவரை அழுகை வரவில்லை. வராததைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், பேச்சு இருந்தது. "பிரேக்கு புடிச்ச மாதிரியே நிக்கிறாரு" என்று என் மனைவி அவள் அண்ணனிடம் சொன்னாளாம். நான் ஓட்டிய லொறியைப் பார்த்திருந்தால் அந்த உவமை அவளுக்கு வந்திருக்காது. அதற்குப் பிரேக் பிடிப்பதே அபூர்வம்.

லொறி அட்டனில் இருந்த மரக்கறி வியாபாரி ஒருவருடையது. முஸ்லிம். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். கிழமைக்கு ஒரு முறை நுவரெலியாவில் கோவா, கரட், லீக்ஸ் ஏற்றிக்கொண்டு இருவரும் யாழ்ப்பாணம் போவோம். வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு திரும்புவோம். இலங்கை சின்ன நாடு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்த லொறியில் உட்கார்ந்து பார்க்காதவர்கள்.

அந்த முறை எனக்குத் தனியாக ஒரு வேலை இருந்தது. அப்போது பிரஜாவுரிமை விண்ணப்பம் என்ற தாள் லயம் லயமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவன் என்று காட்டினால் நானும் என் இரண்டு பிள்ளைகளும் இந்த நாட்டுக்காரர். காட்டாவிட்டால் எந்த நாட்டுக்காரரும் இல்லை. அப்பா இங்கேதான் பிறந்தார். ஆனால் ரோட்டில் பிறந்தார். இந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னாரில் இறங்கி மலைக்கு நடந்து வந்த கூட்டத்தில் அவருடைய தாயும் ஒருத்தி. தம்புள்ளைக்கு வடக்கே, குளக்கட்டு ஓரம், மைல்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு மருதமரம். அதன் அடியில் பிள்ளையைப் பெற்று, இரண்டு நாள் படுத்து, எழுந்து நடந்துவிட்டாள். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை.

"அந்தக் கிராமத்து ஆராச்சிகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வா. இந்த எடத்துல பொறந்தாருன்னு எழுதியிருந்தாப் போதும்" என்று தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா சொல்லியிருந்தார். ஆராச்சி என்றால் சிங்களக் கிராமத்துத் தலைவர்.

போகும்போது நிறுத்த முடியாது. மரக்கறி வாடிவிடும். அதனால் திரும்பி வரும்போது என்று முடிவு.

மலையிலிருந்து இறங்குவது என்பது எனக்கு உடுப்பைக் கழற்றுவது. கண்டியில் கம்பளிக் கோட்டு, மாத்தளையில் மப்ளர், தம்புள்ளையில் சட்டை. வவுனியாவில் பெனியனில் கை வைத்தபோது நானா, "யாழ்ப்பாணம் போக முந்தி நிப்பாட்டிக்கடாப்பா, அங்க மானமுள்ள சனம் ஈக்குது" என்றார்.

தேநீரும் அப்படித்தான், இறங்க இறங்க மாறும். எங்கள் லயத்தில் விடிவதற்குள் குடிக்கும் சாயத்துக்குச் சீனி இருந்தால் உண்டு. தம்புள்ளைப் பக்கம் கித்துள் கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்துக் கடிக்கக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி. கோப்பைக்குள் இருந்தது மட்டும் எங்கும் எங்கள் தூள். அதையும் நாங்களே நல்லதாகக் குடித்தது கிடையாது.

கேள்வியும் மாறும். மாத்தளைக் கடையில் என்னைப் பார்த்ததும், "எந்தத் தோட்டம்?" தம்புள்ளையில், "கம கொஹெத?" உன் கிராமம் எங்கே என்று. யாழ்ப்பாணத்தில் வெங்காயக் கடைக்காரர் மூட்டையை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி எவடம்?"

"அட்டனுங்க."

"அது லொறி வந்த இடம். சொந்த இடம் எவடம் எண்டு கேக்கிறன்."

"முசிறிப் பக்கமுங்க."

"ஓ, இந்தியாக்காரர்" என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார்.

முசிறி திருச்சிக்குப் பக்கம் என்பார்கள். நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் தோட்டங்களில் வழக்கம் அது. கலியாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து ஆள் முதலில் ஊரைக் கேட்பான், பிறகுதான் ரசத்தைக் கேட்பான். நாமக்கல் என்பான் ஒருவன், துறையூர் என்பான் இன்னொருவன். இருவரும் பிறந்தது மஸ்கெலியாவாக இருக்கும். ஒரே ஊர் என்று தெரிந்துவிட்டால் கட்டிப்பிடித்துக்கொண்டு மாமன் மச்சான் ஆகிவிடுவார்கள். தடுமாறாமல் பதில் வரவேண்டும். தடுமாறினால் தாய் தகப்பன் யாரென்று தெரியாதவன் என்று பொருள். எனக்கு அந்தப் பதில் நாலு வயதில் ஏறியது. இறங்கவே இல்லை.

திரும்பும் வழியில் நானா எச்சரித்தார். "இஞ்ச பாரு. ஆராச்சி ஊரைக் கேப்பாரு. நீ ஒண்ட வாயை மூடிக்கொண்டு மரத்தை மட்டும் காட்டு. வெளங்கினதா?"

"நான் என்ன பச்சப்புள்ளையா நானா?"

"பச்சப்புள்ளைக்குப் பேச வராது. அதான் பயமில்ல. நீ பேசுவாய்."

மரம் இருந்தது. கட்டையும் இருந்தது. குளத்தில் எருமைகள். அடியில் போய் நின்றேன். ஏதாவது தோன்றும் என்று கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்த்தேன். எறும்பு கடித்தது. அவ்வளவுதான்.

ஆராச்சி வீடு அருகில். வெள்ளைக் கோட்டு, நல்ல முகம். வெற்றிலைத் தட்டை நீட்டி, "வாடிவென்ன" என்று நாற்காலியைக் காட்டினார். எங்களுக்குத் துரை முன் நின்று பழக்கம். தலைத்துண்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றேன். மறுபடி சொன்னார். மூன்றாம் தரம் நாற்காலி விளிம்பில் கோழி மாதிரி உட்கார்ந்தேன். அவருக்குக் கொஞ்சம் தமிழ், எனக்குக் கொஞ்சம் சிங்களம். விஷயத்தைச் சொன்னேன்.

உள்ளேயிருந்து அவருடைய கிழத் தகப்பனார் எழுந்து வந்தார். கேட்டதும் கையைத் தட்டினார். தான் சின்னவனாக இருந்தபோது அந்த மரத்தடியில் ஒரு தமிழ்ப் பெண் பிள்ளை பெற்றாள், தன் அம்மா சுடுதண்ணீரும் பழைய சீலையும் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்றார். தானும் பின்னால் போனாராம். "ஆண் பிள்ளை. நல்ல சத்தம்" என்றார்.

அப்பாவுக்குக் கடைசிவரை நல்ல சத்தம்தான்.

ஆராச்சி தாளை எடுத்தார். பேனாவை மையில் தொட்டார். மரம், கட்டை, சுடுதண்ணீர், எல்லாவற்றையும் எழுதினார். எனக்கு முதுகு நாற்காலியில் மெல்லச் சாய்ந்தது. அப்போது அவர் தலையை நிமிர்த்தாமலே, பேச்சோடு பேச்சாக, "தகப்பனுக்கு எந்த ஊர்?" என்றார்.

"முசிறிப் பக்கமுங்க" என்றேன்.

தடுமாறவே இல்லை. சுத்தமாக வந்தது.

அவர் எழுதினார். எழுதிவிட்டு, "அது எங்கே?" என்றார்.

"இந்தியாவுலங்க."

அதையும் எழுதினார். பிறகுதான் பேனாவை நிறுத்தினார். "நீ போயிருக்கிறாயா?"

"இல்லீங்க."

"அவர்?"

"இல்லீங்க."

"அப்படியானால் ஏன் சொன்னாய்?"

அதற்குப் பதில் எனக்கு நாலு வயதில் யாரும் சொல்லித்தரவில்லை. அதை அடித்துவிட முடியுமா என்று கேட்டேன். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: "அவர் மகன் நீயே சொன்ன பிறகு நான் எப்படி அடிப்பது? மரத்தையும் எழுதியிருக்கிறேன், உன் ஊரையும் எழுதியிருக்கிறேன். இரண்டும் நீ சொன்னதுதான்." முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தார். கிழவர் வாசல்வரை வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்.

லொறியில் நானா பழத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஒரு பழத்தை உரித்து என் கையில் வைத்தார். தின்றேன். இனிப்பா என்று கேட்டால் தெரியாது. மாத்தளை வரும்வரை கியர் மாற்றினேன், ஹோர்ன் அடித்தேன், சட்டையைப் போட்டேன். கண்டியில் கோட்டு.

கடிதத்தை விண்ணப்பத்தோடு வைத்து அனுப்பினேன். வேறு என்ன செய்வது? பதில் வந்தது. ஒரே வரி. தகப்பனின் ஊர் இந்தியா என்று நான் வைத்த கடிதமே சொல்வதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. கிளாக்கர் ஐயா வாசித்துச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் சலாம் போட்டுவிட்டு வந்தேன்.

பிறகும் பல வருஷம் அதே ரோட்டில் ஓட்டினேன். மருதமரம் வந்தால் நானா மறுபக்கம் திரும்பிக்கொள்வார். நான் ஒரு ஹோர்ன் அடிப்பேன். எருமைகள் நிமிர்ந்து பார்க்கும்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மகள் கேட்டாள். அவளை மறுநாள் தோழி வீட்டுக் கலியாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"பந்தியில கேப்பாங்கப்பா. நமக்கு எந்த ஊரு?"

வாய் திறந்தது. மூடினேன்.

"சொல்லுங்கப்பா."

"சாப்புடு. சோறு ஆறுது" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி, தடுமாறாமல், "முசிறிப் பக்கம்னு சொல்லு கண்ணு" என்றாள்.