லேடீஸ் டப்பாவில் ஒரு புது முகம்

பேராச்சிக்கு முகம் வீங்க ஆரம்பித்தது மழைக்காலத்தில். காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டு கண் திறக்காது. மத்தியானத்துக்குள் வீக்கம் வடிந்து காலுக்கு இறங்கிவிடும். செருப்பு வார் பதிந்த பள்ளம் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். கக்கூஸில் நுரை நுரையாய் நின்றதையும் பார்த்தாள். மும்பை செம்பூரில் அவள் இருந்த சால் என்கிற வரிசை அறைக் கட்டடத்தில் மாடிக்கு ஒரே கக்கூஸ். முன்னால் போனவர்கள் துணி அலசிய தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நுரை தன்னுடையதுதான் என்று உறைக்கவே ரொம்ப நாளாயிற்று.

முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபிறகு அந்த அறையில் தனியாகத்தான் இருந்தாள். மஸ்ஜித் பந்தரில் முந்திரி, பாதாம் மொத்தக்கடையில் பில் போடுகிற வேலை. தம்பி ராஜபாண்டி பெண்டாட்டி பிள்ளைகளோடு கோபர்கைரனேயில் இருந்தான். அவளுக்கு ஆள் கூட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது காலை லோக்கல் ரயிலில் லேடீஸ் டப்பாதான், பெண்கள் பெட்டி. செம்பூரில் தமிழ் பேசுகிற சுஷ்மாவும் அவளும் ஏறுவார்கள். மான்குர்த்திலேயே ஏறிவிடும் ஷைலா இடம் பிடித்து வைத்திருப்பாள். பீன்ஸ் நறுக்குவது, மாமியாரைத் திட்டுவது, தசராவுக்கு டப்பாவில் பூக்கட்டுவது எல்லாம் அந்த வண்டியில்தான்.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இந்தியில் விளக்கிச் சொன்னாள். சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கில் பொடிப்பொடிச் சல்லடைகள் இருக்கின்றன. உனக்கு அந்தச் சல்லடைகள் பழுதாகிவிட்டன. உடம்பில் நிற்கவேண்டிய புரதம் மூத்திரத்தோடு ஒழுகிப்போகிறது.

"கல்லா டாக்டர்?"

"கல் இல்லை. ஊசி போட்டு நூல் மாதிரி ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் எந்த வகை என்று தெரியும். கூட யார் வந்திருக்கிறார்கள்?"

ஊசி போடும் நாளில் தம்பி வந்தான். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டான். வெளியே கொண்டுவந்து படுக்க வைத்ததும் தலைமாட்டில் நின்று கைபேசியையே பார்த்தான்.

"யக்கா, டியூட்டி இருக்கு. எதுவும் வேணும்னா போன் போடு, என்ன?"

"நீ போ. எனக்கென்ன, படுத்துத்தான கெடக்கப் போறேன்."

மறுநாள் காலை வரை மல்லாக்கப் படுத்தபடி அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு மகளும் மருமகளும் முறை வைத்து வந்தார்கள். பேராச்சிக்கு அடிவயிறு முட்டியது. வார்டு ஆயாபாயைக் கூப்பிட வெட்கப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில் கூப்பிட்டபோது குரல் உடைந்து அழுகையாக வந்தது. "அரே, இதுக்கா அழறே?" என்று கேட்டபடி ஆயாபாய் கிண்ணத்தை வைத்தாள்.

மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகைதான் என்று முடிவு வந்தது. ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது, உப்பு ஆகாது என்றார்கள்.

வண்டிச் சிநேகிதிகளிடம் ஊருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லியிருந்தாள். அவர்கள் கூட்டத்தில் ஒருத்திக்கு முன்பு கர்ப்பப்பை எடுத்தார்கள். அதிலிருந்து அவளிடம் யார் பேசினாலும் "இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் தொடங்கினார்கள். அவள் சீக்கிரமே வேறு வண்டிக்குப் போய்விட்டாள். அதை நினைத்து, சுஷ்மா போன் செய்தபோதெல்லாம் பேராச்சி எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் போனும் நின்றது.

கால் வீக்கம் வடிந்தது. ஆனால் மாத்திரை அவள் முகத்தைத் தட்டுப்போல உருட்டிவிட்டது. கன்னத்தில் பூனைமுடி முளைத்தது, பிடரியில் சதை திரண்டது, உடம்பு பெருத்தது. கொத்துக்கொத்தாய் முடி கொட்டியதால் இடுப்புவரை இருந்த சடையைக் கழுத்தோடு வெட்டினாள். சேலை கட்ட மூச்சு வாங்கியது. தொளதொளவென்று ஒரு குர்த்தா வாங்கிக்கொண்டாள்.

முதலாளி வரச்சொன்ன நாளில் பழைய வண்டிக்கே போனாள். எல்லாரும் என்ன ஏதென்று கேட்பார்களே என்று வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு வந்தாள். சுஷ்மா பின்னாலேயே ஏறினாள்.

"ஆண்ட்டி, ஸரா அந்தர் ஜாயியே," என்று அவள் தோளைத் தொட்டு உள்ளே தள்ளிப்போகச் சொன்னாள். சுஷ்மா அவளைவிட நாலு வயது மூத்தவள்.

பேராச்சி நகர்ந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு நேர் எதிரே நின்றாள். ஷைலா ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பட்டாணியை உரித்தாள். தன்னைப் பற்றிய பேச்சு வருமா என்று மஸ்ஜித் வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள் பேராச்சி. வரவில்லை.

மறுநாளும் அதே டப்பாவில்தான் ஏறினாள். அதற்கு மறுநாளும். வேறு டப்பாவுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை. சுஷ்மா சிரிக்க வைத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள். யாரோ சக்லி முறுக்கை நீட்டினால் வேண்டாமென்று தலையாட்டுவாள். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள் ஷைலா முகம் வாடி இருந்தது. மகள் கண் தினமும் வீங்குகிறதாம். அலர்ஜி என்று சொட்டுமருந்து கொடுத்திருக்கிறார்களாம், கேட்கவில்லையாம். "டிவி பாக்கறதைக் குறை," என்றாள் ஒருத்தி. கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்றாள் இன்னொருத்தி.

"காலையில் வீங்கி, மத்தியானம் குறையுதா ஷைலா?"

பேராச்சிதான் இந்தியில் கேட்டாள். நிறுத்த முடியவில்லை. "மூத்திரத்தில் நுரை வருதான்னு பாரு. இன்னிக்கே பரிசோதனைக்குக் கொடு. கண்ணில் ஒன்றுமில்லை, கிட்னியா இருக்கலாம்."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். சுஷ்மாவின் வாய் திறந்தபடி நின்றது.

"பேராச்சியா? நீயா?"

"நாந்தான், சுஷ்மாக்கா."

"இத்தனை நாளா இங்கயேவா நின்னுண்டிருந்தே?"

"ஆமாக்கா."

"ஒரு வார்த்தை சொல்லப்படாதா? என்னை என்னன்னு நினைச்சுண்டே?"

"நீங்க ஆண்ட்டின்னு கூப்ட்டிய. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லுவேன்?"

சுஷ்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள், மூடினாள். ஷைலா குர்லாவிலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பினாள்.

சோதனையில் ஷைலாவின் குழந்தைக்கும் அதே புரத ஒழுக்கு இருந்தது. பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும் என்று டாக்டர் தைரியம் சொன்னாராம். குழந்தைக்கும் அதே மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, ஊறுகாய் துளியும் ஆகாதா என்று ஷைலா போன் செய்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வண்டியில் இப்போது பேராச்சிக்கு எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். அவள் உட்கார்ந்ததும் பேச்சு தணிந்துவிடும். சுஷ்மா மட்டும் அவளிடம் நேராகப் பேசாமலே இருந்தாள். பொங்கலுக்கு அப்புறம் தன் ஆபீஸின் தாணே கிளைக்கு மாற்றலாகிப் போனாள். போகிற அன்று பேராச்சியின் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனாள். அவளும் இல்லாமல் கூட்டம் ஒவ்வொருத்தராய்க் கலைந்தது.

மாத்திரையைக் குறைக்கக் குறைக்க முகம் இறங்கியது. நடுவில் ஒரு சளிக்காய்ச்சலில் ஒழுக்கு திரும்பி வந்தது, மாத்திரையும் கூடியது, முகமும் மறுபடி உருண்டது. நோய் போய்விட்டது என்று டாக்டரம்மா சொல்லவேயில்லை. அடங்கியிருக்கிறது என்றுதான் சொன்னாள். பேராச்சி உப்பில்லாத ரசத்தைத் தனியாக வைத்து, தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஷைலா மட்டும் அதே வண்டியில் வந்தாள். இருவரும் முன்போல் பேசிக்கொள்வதில்லை. குழந்தைக்கு அன்று சோதனையில் ஒழுக்கு இல்லை என்று சொன்ன காலையில், ஷைலா சுண்ணாபட்டி ஸ்டேஷன் தாண்டும் முன்பே தூங்கிப்போய் அவள் தோளில் சாய்ந்தாள். தோள் மரத்துப்போயிற்று. பேராச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.