நகல் எடுக்க முடியாத அட்டை

எண்பதுகளின் கடைசியில் திருப்பதியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. ஏசி அறை. தூசி மெஷினுக்கு ஆகாது என்று செருப்பை வாசலிலேயே கழற்றவைப்பார்கள். நைனாவும் அக்காவும் சித்தூரில். சனிக்கிழமைகளில் பாகாலா வழியாகப் போகும் ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போவேன்.

கம்பெனிக்கு ஒரு ஆஸ்பத்திரி வேலை வந்தது. நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்கிற பகுதியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு யாரும் போட்டிக்கு வரவில்லை.

கேட்டு வாங்கியதற்குக் காரணம் அக்கா. சில வருடங்களுக்கு முன்னால் அவள் வேறொரு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் படுத்திருந்தாள். என்ன நோய் என்று இங்கே எழுதமாட்டேன். அங்கே கேஸ் ஷீட்டுகளை அடுக்கிவைக்கும் குமாஸ்தா எங்கள் சபைக்காரர். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் அக்காவிடம் ஒரு மாதிரி மெதுவாகப் பேசினார்கள். “ஜெபத்துல உன்ன நெனச்சிக்கினுதான் இருக்கோம்மா” என்றார்கள். பாகாலாவில் பேசி முடித்திருந்த சம்பந்தம் அந்த மாதமே நின்றுபோனது. குமாஸ்தாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கக் கிளம்பினேன். நைனா கையைப் பிடித்து உட்காரவைத்தார். அந்தக் கோபம் இறங்கவே இல்லை. இறங்க நானும் விடவில்லை.

அப்போதுதான் சி பிளஸ் பிளஸ் எங்கள் கைக்கு வந்திருந்தது. விவரங்களையும் அவற்றைக் கையாளும் வேலைகளையும் ஒரே கட்டாகக் கட்டி, ஆப்ஜெக்ட் என்று வைத்துக்கொள்ளும் மொழி. அதில் ‘பிரைவேட்’ என்று ஒரு சொல் உண்டு. கேஸ் ஷீட் ஆப்ஜெக்டில் நோயின் பெயரை அந்தச் சொல்லுக்குக் கீழே போட்டுவிட்டு, வேலை முடிந்ததென்று மிதப்பாகத் திரிந்தேன். பக்கத்து மேசைக்காரர் எழுதிய பதிவு ஸ்கிரீனில் நோயின் பெயர் பச்சை எழுத்தில் பளிச்சென்று வந்து நின்றபோதுதான் உறைத்தது. ஒரு நிரல் இன்னொன்றின் உள்ளே நேராகக் கையை நுழைக்காமல் பிரைவேட் தடுக்கும்; அவ்வளவுதான். முறையாகக் கேட்டால் எடுத்துக்கொடுக்க நானே ஒரு ஃபங்ஷன் எழுதிவைத்திருந்தேன். கேட்பது டாக்டரா குமாஸ்தாவா என்று அதற்கு என்ன தெரியும்?

மேலாளர் சுலபமான வழி சொன்னார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழ்.

“லெவல் போடும்மா. குமாஸ்தா ஒன்னு, நர்ஸ் ரெண்டு, டாக்டர் மூணு, ஆபீசர் நாலு. மேல இருக்கறவங்க எல்லாத்தையும் பாப்பாங்க. சாலு, அது போதும்.”

“ஆபீசருக்கு எதுக்கு சார் ஒரு பொண்ணோட நோவு தெரியணும்?”

“ஆபீசர்னா எல்லாம் தெரியணும்ல.”

“எந்தக் கட்டில்ல ஒட்டுவாரொட்டி நோவுன்னு வார்டு பெருக்கறவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும் சார். அவங்க இன்னா லெவல்?”

அவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். லெவல் போட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று சொன்னேன். என் சம்பளத்தை நம்பித்தான் வீடு என்று தெரிந்தவர், அதனால் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழி கிடைத்தது ஆஸ்பத்திரி வாசலில். விவரம் சேகரிக்கப் போயிருந்தேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே கட்டில் நம்பர் போட்ட ஓர் அட்டை உண்டு. அதைக் காட்டினால் அந்தக் கட்டில்வரை போகலாம்; பக்கத்து வார்டில் தலையை நீட்டினால் நர்ஸ் விரட்டுவார். அன்றைக்குக் காரில் வந்து இறங்கிய ஒரு பெரிய மனிதர் அட்டை இல்லாமல் கேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் யார் என்று வாட்ச்மேன் கேட்கவே இல்லை. அட்டையைத்தான் கேட்டார்.

திரும்பி வந்து அனுமதியையே ஓர் ஆப்ஜெக்டாக எழுதினேன். எந்த நோயாளி, யாருக்கு, பார்க்கவா திருத்தவா, எதுவரை, எல்லாம் அந்த அட்டைக்குள். கேஸ் ஷீட்டிடம் எதைக் கேட்டாலும் கூடவே அட்டையைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத நிரலை, நாங்கள் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது. அதனால் மறந்துவிட்டேன் என்று யாரும் தப்பிக்க முடியாது. அட்டையை உண்டாக்கும் உரிமை ஒரே ஒரு கிளாஸுக்கு; கிளாஸ் என்பது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு. வார்டு டாக்டரின் அட்டை நோயாளியைச் சேர்க்கும்போது பிறக்கும், டிஸ்சார்ஜோடு செத்துப்போகும். வீட்டாரில் நோயாளி யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கு மட்டும் உண்டு. ஒருவர் தன் அட்டையை நகல் எடுத்து இன்னொருவருக்குத் தரும் வழியையும் அடைத்தேன்.

மேலாளர் நம்பவில்லை. தானே உட்கார்ந்து, அட்டை இல்லாமல் நோயின் பெயரைக் காட்ட ஒரு ஸ்கிரீன் எழுதினார். கம்பைலர் திட்டியது. மாற்றி எழுதினார், மறுபடி திட்டியது. கரண்ட் போய் வந்தது. அப்போதும் விடாமல் தட்டினார். கடைசியில் எழுந்து, “மொண்டி பில்ல” என்றார் தெலுங்கில், பிடிவாதக்காரி என்று. அதற்குப் பிறகு லெவல் பேச்சை எடுக்கவில்லை.

எல்லாம் ஓட ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. வயிற்றுவலி என்று நைனாவை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “பாக்கலாம்மா” என்று நழுவினார். பிரிண்டர் கோளாறென்று ரிக்கார்டு ரூமுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சரிசெய்துவிட்டுப் பார்த்தால் அறையில் யாரும் இல்லை. நைனாவின் நம்பரைத் தட்டினேன். அனுமதி இல்லை என்று வந்தது. அந்த வாசகத்தை எழுதியவளே நான்தான். நைனா என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

பையில் நான் எழுதிய நிரல்களின் ஃபிளாப்பிகள் இருந்தன. அட்டை தரும் கிளாஸில் ஒரு வரி சேர்த்தால் போதும். எந்த இடத்தில் என்றுகூடத் தெரியும். பெற்ற மகளுக்கு இல்லாத உரிமையா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஃபிளாப்பியை உறையிலிருந்து எடுத்தும்விட்டேன். அக்காவின் நல்லதுக்காகத்தான் வெளியே சொன்னேன் என்று அந்தக் குமாஸ்தாவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரும்ப உறையில் போட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

சாயங்காலம் கேட்டில் அட்டையைக் காட்டி உள்ளே போனேன்.

“நைனா, டாக்டர் இன்னா சொன்னாரு?”

அவர் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். “கம்ப்யூட்டர்ல பாத்துக்கினு வந்திருப்பேன்னு நெனச்சேன்.”

“அது உட மாட்டேங்குது.”

“நீ எழுதினதுதானே?”

“அதான்.”

கொஞ்சம் சிரித்தார். கட்டிலில் நகர்ந்து படுத்து எனக்கு இடம் கொடுத்தார். “உனக்கு மட்டும் சொல்றேன். அக்காவுக்குச் சொல்லாத.”

சொன்னார்.

நைனா போய் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அன்றைக்கு உன்னிடம் என்ன சொன்னார் என்று அக்கா இன்றும் கேட்கிறாள். சில சமயம் கோபித்துக்கொண்டு பேசாமல்கூட இருக்கிறாள். நான் சொல்வதில்லை. அனுமதியை அவர் எனக்கு மட்டும்தான் கொடுத்தார்.