பிரிண்டர் இல்லாமல் போர்ட்டைச் சோதித்தது

கச்சிராயபாளையம் கரும்பு எடைமேடையில் ரசீது அச்சாகவில்லை என்று பிரிண்டரைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பியிருந்தோம்.

காலையில் மெக்கானிக் போன் செய்தார். "பிரிண்டர் நல்லா கீதுங்க. உங்க கம்ப்யூட்டர்ல பிரிண்டர் வயர் செருகுற போர்ட்டுதான் போயிடுச்சி."

கள்ளக்குறிச்சி சாலையில் இடஒதுக்கீடு கேட்டு மறியல். பஸ் இல்லை, பிரிண்டரும் வராது.

எடை போடும் செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் கெடுத்தேன்னு சொல்வாங்கண்ணா."

போர்ட்டில் ஒரு சின்ன எல்இடி பல்பை ரெசிஸ்டரோடு செருகி, கம்ப்யூட்டரிலிருந்து சிக்னல் அனுப்பினேன். எரிந்தது. நிறுத்தினேன், அணைந்தது. போர்ட்டில் பழுதில்லை.

பிரிண்டர் கேபிளை இழுத்துப் பார்த்தால், மேஜைக்குப் பின்னால் எலி கடித்திருக்கிறது. செல்வி அப்போதுதான் சிரித்தாள்.

டிராக்டரோடு காத்திருந்த விவசாயி எட்டிப் பார்த்தார். "லைட்டு எரியுது, சரிங்க. சீட்டு இன்னா ஆச்சி? கரும்பு காஞ்சிகினு இருக்குது."

இதைப் படிப்பவர்களில், மறியலுக்கு இந்தப் பக்கம் யாரிடமாவது பழைய பிரிண்டர் இருக்கிறதா? கேபிளோடு. எலி தொடாததாக இருந்தால் நல்லது.