பழைய கார் எடுக்கப் போன இடத்தில்

பழைய காரை உடைப்பது எங்கள் தொழிலில் சுலபமான பகுதி. அதை வீட்டு வாசலிலிருந்து கிளப்புவதற்குள்தான் நாக்குத் தள்ளிவிடும். அடுத்தவர் ஆசையாக வைத்திருந்த பொருளை எடுக்கப் போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் படும் பாடு புரியும்.

கற்பூரம்

மயிலாப்பூரில் ஒரு வீடு. காரை எங்கள் லாரியில் ஏற்றும் நேரத்தில் அந்த வீட்டு மாமி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். டயரில் காற்றே இல்லை; தள்ளித் தள்ளித்தான் நசுக்கினோம். அடுத்து கற்பூரத் தட்டோடு பெட்ரோல் டேங்க் பக்கம் போனார் பாருங்கள், எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டு, "உடைக்கப் போற காருக்கு எதுக்கு மாமி இதெல்லாம்?" என்றேன்.

"காருக்கு யார் சுத்தினா? அதைத் தூக்கிண்டு போற நீங்க பத்திரமா ஆத்துக்குத் திரும்ப வேண்டாமோ!"

ஒற்றைச் செருப்பு

வண்டியை எடுக்கும் முன் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தேடி, கிடைத்ததை உரியவரிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். அடையாறில் ஒருவருக்குக் கிடைத்தது, குழந்தைச் செருப்பு ஒன்று. அந்தக் குழந்தை இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறாளாம். மனிதர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாயை அடக்கத் தெரியாத எங்கள் டிரைவர் பாபு, லாரி மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"ஒத்த செருப்ப வச்சிக்கினு இன்னா சார் பண்ணுவீங்கன்னு கேக்கத்தான் வாயெடுத்தேன். அவுரு மூஞ்சியப் பாத்தேன், கம்முனு வந்துட்டேன்."

செல்வி அக்காவின் வேன்

ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் செல்வி அக்காவின் கணவர் போன வருடம் இறந்துவிட்டார். அவர் மீன் ஏற்றிய வேன், அவர் பெயரிலேயே உப்புக்காற்றில் துருப்பிடித்து நின்றது. பேப்பரே வேண்டாம், வண்டியை அப்படியே கொடுங்கள், கூடப் போட்டுத் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"அவன் அத்த எடுத்துனு போயி இன்னா பண்ணுவான்?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"ரோட்டுல ஓட்டினாலும் ஓட்டுவான். எங்கயாவது இடிச்சா உங்க வீட்டுக்காரர் பேரைத்தான் தேடி வருவாங்க" என்றேன்.

"குடிச்சிட்டு ஒரு நாளு வண்டிய எடுத்ததில்ல நைனா அது. அதும்பேர்ல கேசா?"

புரோக்கரை அப்போதே விரட்டிவிட்டார். வேனை முறைப்படி எங்களிடம் ஒப்படைக்கத் தேவையான வாரிசுச் சான்றிதழுக்காக, வியாபாரத்தை விட்டுவிட்டு அலையாய் அலைந்தார்.

வண்டி உடைக்கும் எங்கள் யார்டில் பெட்ரோல், ஆயிலை வடித்து, பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் வண்டியில் கை வைப்போம். அக்கா அத்தனையையும் நின்று பார்த்தார். வண்டிக்கு அடையாளமான சேசிஸ் நம்பர் இருக்கிற துண்டை வெட்டி எடுத்தபோது அழுதுவிட்டார். "இனிமே இந்த நம்பர்ல ரோட்டுல எதுவும் ஓடாதுக்கா" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்த வரைக்கும் நல்ல பேரோட இருந்துச்சு நைனா. இனிமே அந்தப் பேர எவனாலயும் கெடுக்க முடியாதில்ல?"

ஊரார் மனதையெல்லாம் தேற்றி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வருகிற நான், கே.கே. நகரில் என் வீட்டு வாசலில் ஓடாமல் நிற்கும் காரை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டால் மட்டும், இன்றைக்கு என்ன சமையல் என்று பேச்சை மாற்றிவிடுவேன்.