முதலில் தூக்கியவர்

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரத்தில் என் மகள் பிறந்தாள். மாசம் நிறைவதற்கு வெகு முன்பே, தென்காசியில் அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். எழுந்து நடக்க முடிந்த பிறகுதான் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய், வாயில் குழாய், பாதத்தில் சிவப்பாக மினுங்கும் ஒயர்.

அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. வேளாவேளைக்குப் பால் பீய்ச்சிக் கொடுப்பேன். தொட்டுப் பார்க்கச் சொன்னால் மட்டும், "கை சுத்தமா இல்ல சிஸ்டர்" என்று பின்வாங்கிவிடுவேன். கழுவிக் கழுவி என் விரல்களில் தோல் உரிந்திருந்தது. தொட்டுவிட்டால் ஆசை வந்துவிடும், பிறகு ஏதாவது ஆனால் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் சிவகிரிக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் மகளும் உள்ளேதான் இருந்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நேராகவே கேட்டாள்.

"யக்கா, நீங்க பிள்ளையத் தொடவே இல்ல, என்ன?"

நான் தலைகுனிந்தேன்.

"நானும் அப்படித்தாங்க்கா இருந்தேன். பெட்டிப் பக்கமே போகமாட்டேன். ஒங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க."

அப்போதுதான் அழுதேன். சோற்றுக் கையோடு, நெடுநேரம். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்ததும் பசித்தது.

ராணுவத்திலிருந்த என் வீட்டுக்காரர் லீவு கிடைத்து, ரயிலிலிருந்து இறங்கிய கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தவரிடம் சிஸ்டர் சொன்னார்:

"அம்மா பயப்படுதாங்க. நீங்க சட்டையக் கழத்திட்டு உக்காருங்க சார். பிள்ளைய நெஞ்சோட போட்டு வச்சா ஒங்க சூடு அவளுக்கு நல்லது."

"இத்தன பொம்பளையாளுக முன்னாலயா?" என்று அவர் நெளிந்தார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே திரையை இழுத்துவிட்டார்.

ஒயர்களோடு அவளைத் தூக்கி அவர் நெஞ்சில் கவிழ்த்தார்கள். துப்பாக்கி பிடித்துப் பழகிய கை, அவள் முதுகுக்கு மேலே தொடாமல் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"ஏட்டி, அப்பா வந்துருக்கேன். தெரியுதா?"

எப்போதும் கை காலை உதறிக்கொண்டே இருப்பவள் அடங்கிப்போனாள். அப்படியே தூங்கியும்விட்டாள். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பொறாமை வந்துவிட்டது. இத்தனை மாதம் வயிற்றில் சுமந்தவள் நான். நேற்று வந்த மனுஷனிடம் இவள் இப்படிச் சொகுசாகத் தூங்குகிறாளே!

"போதும், எங்கிட்ட குடுங்க" என்றேன்.

"கை சுத்தமா இருக்காம்மா?" என்று சிஸ்டர் கேட்டார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சிவகிரிக்காரி சிரிப்பது கேட்டது.

வாங்கிக்கொண்டேன். இளஞ்சூடாக, எடையே இல்லாமல் இருந்தாள். அவள் மூச்சு என் தோலில் பட்டது. அன்றிலிருந்து ஆளுக்கொரு வேளை என்று சண்டை போட்டுத் தூக்கினோம். அவர் லீவு முடிவதற்குள் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று வழியில் குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. ஈரத்தலையோடு ஜனங்கள் ரோட்டை அடைத்துப் போக, ஆட்டோ நகரவில்லை. டிரைவர் சலித்துக்கொண்டார். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. சாரல் படாமல் முந்தானையால் மூடி, மடியிலிருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவகிரிக்காரி இப்போதும் வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். நாங்கள் நாலு வார்த்தை பேசுவதற்குள் எங்கள் மகள்கள் இருவரும் போனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.