பரமசிவக் கோனார் எழுதிய கதை

கோமதித்தாய் டீச்சருக்கு இப்போதெல்லாம் மாதம் ஒரு மணியார்டராவது வந்துவிடுகிறது. கடையநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறாள். எங்கள் சங்கரன்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். கதைப் புத்தகம் இரண்டு வந்தாயிற்று, மூன்றாவது அச்சில் இருக்கிறதாம். நான் பாரத்தை நீட்டினால் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போகச் சொல்வாள். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் தபால் கொடுக்கிறேன், எத்தனையோ கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். தான் எழுதிச் சம்பாதித்த முதல் பணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்ட ஆள் இவள் ஒருத்திதான். அது எப்படி என்று யார் கேட்டாலும் நான் வாயைத் திறப்பதில்லை. அதில் என் வாய்க்கொழுப்பும் கலந்திருக்கிறது. எண்பத்தெட்டு பிறந்துவிட்டது, எனக்கும் ரிட்டயராகும் காலம் வந்துவிட்டது, இனி மறைத்து என்ன செய்யப்போகிறேன்.

அவள் அப்பா பரமசிவக் கோனாருக்குக் கிழக்குக் கடைசித் தெருவில் வீடு. அந்தத் தெரு ஆண்கள் வீட்டில் இருக்கிற நாளைவிட வெளியில் இருக்கிற நாள்தான் அதிகம். அறுப்பு முடிந்ததும் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளுக்குக் கிடை போடப் போய்விடுவார்கள். இரவெல்லாம் ஆடு அடைந்து கிடந்தால் நிலத்துக்கு உரம், காட்டுக்காரர் அதற்குத் தவசம் அளப்பார். புரட்டாசி வாக்கில் மழை தொடங்கினால்தான் திரும்பி வருவார்கள். அதுவரை தெருவில் பெண்டு பிள்ளைகள் மட்டும்தான். கோனார் சம்சாரம் மாடத்தி நாலு வெள்ளாடு வைத்துப் பால் கறந்து ஊற்றுவாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஓர் எழுத்து தெரியாது. ஒரே மகள் மட்டும் பியூசி பாஸாகிவிட்டாள். ஆட்டு மருந்துப் பாட்டிலில் போட்டிருப்பதை வாசித்துச் சொல்கிற பிள்ளை என்று கோனாருக்கு உள்ளூரப் பெருமைதான்.

எழுபத்தேழில் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தாள். அதை ஏன் எடுத்தாள் தெரியுமா? டாக்டராக டாக்டர் படிப்பு, வக்கீலாக வக்கீல் படிப்பு, அப்படியானால் கதை எழுதத் தமிழ்ப் படிப்பு என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் ஊரில் அப்போது யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அனுப்பும்போது கோனார் ஒரே ஒரு சொல் சொன்னார். அவளால் தெருவில் ஒரு பேச்சு வந்தாலும் அன்றோடு படிப்பு நின்றுவிடும், ஆட்டுக் கம்பை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சொன்னால் சொன்னதுதான் என்கிற மனுஷன் அவர்.

ஹாஸ்டலிலிருந்து அவள் போடும் கார்டுகளை நான்தான் மாடத்திக்கு வாசித்துச் சொல்வேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும். முதல் வாரமே ஆசிரியையிடம் எழுந்து நின்று, கதை எழுதச் சொல்லித் தருகிற வகுப்பு என்றைக்கு என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. இங்கே எழுதி வைத்ததைப் படிக்கத்தான் சொல்லிக் கொடுப்போம், எழுதுவதற்கு இல்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு ஹாஸ்டலில் அவளுக்குப் பெயரே 'கதை' என்றாகிவிட்டது. கார்டை வாசித்துவிட்டு எனக்கு வந்ததே கோபம், மூன்று வருஷத்தை வீணடிக்கப் போகிறாளே என்று. மாடத்தி கேட்டுவிட்டு, பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று எழுதிக் கேட்கச் சொன்னாள்.

சும்மா சொல்லக்கூடாது, பெண் அழுதுகொண்டு திரும்பி வரவில்லை. கிடைக்காத வகுப்பைத் தானே நடத்திக்கொண்டாள். லைப்ரரியில் பத்திரிகைக் கதை ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்காமல் விட்டுவிடுவாள். மற்றதை நோட்டில் வரிக்கு வரி எழுதிக்கொண்டு, முடிவைத் தானாக எழுதுவாள். பிறகு அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, தன்னுடையது எங்கே நொண்டுகிறது என்று பார்ப்பாள். இரண்டு வருஷத்தில் அப்படி நூற்றுச் சொச்சம் கதை.

சொந்தக் கதைகளையும் அனுப்ப ஆரம்பித்தாள். ஹாஸ்டலில் கடிதங்களை வார்டன் பிரிப்பார், அதனால் வீட்டு விலாசம். பெண்பிள்ளை கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் தெரு சும்மா இருக்காது, அதனால் அப்பா பெயர். கையெழுத்தே போடத் தெரியாத மனுஷனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நல்ல யோசனைதான். திரும்பி வந்த கனத்த கவர்கள் பதினொன்றை நானே மாடத்தி கையில் கொடுத்திருக்கிறேன். அவள் ஒன்றையும் பிரிக்காமல் பருத்திக்கொட்டை டின்னுக்குப் பின்னால் அடுக்கி வைப்பாள். ஆனால் கதை ஏற்றுக்கொள்ளப்பட்டால் பணம் வரும், அந்தப் பணத்தைப் பெயருக்கு உரியவர்தான் வாங்க வேண்டும் என்பதை அந்தக் கெட்டிக்காரி யோசிக்கவே இல்லை.

எழுபத்தொன்பது மே மாதம் வந்தது மணியார்டர். சு. பரமசிவன், முப்பது ரூபாய், 'தங்கள் சிறுகதைக்கான சன்மானம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கோமதித்தாய் லீவுக்கு வந்திருந்தாள். பாரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, மறு நிமிஷமே வாடிவிட்டது. தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். முடியாது, அவர் கைநாட்டு வைக்க வேண்டும், பக்கத்தில் எழுதத் தெரிந்த ஓர் ஆள் சாட்சி போட வேண்டும், அதுதான் ரூல் என்றேன்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா அடுத்த வருசம் காலேஜு கெடையாது அண்ணாச்சி. ஏழு நாளு கழிச்சுத் திருப்பி அனுப்பிருங்க. பணம் போனாப் போகுது, நான் படிப்ப முடிக்கணும்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். ஐந்து நாள் காப்பாற்றவும் செய்தேன். ஆறாம் நாள் காலையில் போஸ்ட்மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆளைத் தேடிப் போகச் சோம்பல்பட்டுக்கொண்டு பணத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறேனாம். பதினேழு வருஷத்தில் ஒரு பைசா பிசகாதவனைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. வயிறு எரிய டீக்கடைக்கு வந்தால், எதிரே பரமசிவக் கோனார் உட்கார்ந்திருக்கிறார். கிடையில் ஆடுகளுக்குக் கழிச்சலாம், மருந்து வாங்க வந்திருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"வே கோனாரே, நீரு கதை எழுதுதீராமே? பத்திரிகைக்காரன் முப்பது ரூவா அனுப்பியிருக்கான். நான் உம்மத் தேடி அலையுதேன்" என்றேன்.

கடையே சிரித்தது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கோனாருக்கு முகம் கறுத்துவிட்டது. தன் பெயரில் எவன் எழுதினான் என்று கேட்டார். பக்கத்து சலூன் குருசாமி, முடி வெட்டிக்கொண்டிருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு அந்த வாரப் பத்திரிகையைக் கொண்டு ஓடி வந்தான். 'சு. பரமசிவன், சங்கரன்கோவில்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கோனார் என்னைப் பார்த்து வாசிக்கச் சொன்னார். வேண்டாம், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவர் விடவில்லை. ஆளுக்கு ஆள் வாசியும் வாசியும் என்றார்கள். வாசித்தேன்.

ஓர் ஆட்டுக்காரரின் பெண்டாட்டி. புருஷன் கிடையில் இருக்கிறான். இரண்டாவது பிள்ளை, ஆண், பிறந்து ஒரு நாள் உயிரோடு இருந்து செத்துப்போகிறது. தெருவில் ஓர் ஆண்பிள்ளை கிடையாது. புருஷனுடைய பழைய தலைத்துண்டில் பிள்ளையைச் சுற்றி, தானே மண்வெட்டியை எடுத்துக் குழி தோண்டுகிறாள். ஐந்து வயது மகள் வெள்ளாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது, யாருடைய கதை என்று. நிறுத்த முடியவில்லை. கடையில் சிரிப்புச் சத்தம் நின்றுபோய் வெகுநேரம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் அவள் எழுந்து பால் கறக்கப் போகிறாள். அந்த ஆடியில் திருவிழாக் கொடி ஏறியதும், இருக்கிற பிள்ளையாவது நிலைக்க வேண்டும் என்று கோயிலில் நூற்றெட்டு ஆடிச்சுற்று சுற்றுகிறாள். மகள் சுற்றுக்கு ஒரு புளியமுத்தை மடியில் போட்டு எண்ணிக்கொண்டே கூட வருகிறாள். அறுபதாவது சுற்றில் பால் கட்டி அம்மாவின் ரவிக்கை நனைந்து போகிறது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நடக்கிறாள். புரட்டாசியில் புருஷன் வருகிறான். பிள்ளையைப் பற்றிக் கேட்கிறான். தங்கவில்லை என்கிறாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, வெள்ளாடு எத்தனை குட்டி போட்டது என்று கேட்கிறான். அதோடு கதை முடிந்துவிட்டது.

கோனார் டீயைக் குடிக்காமல் எழுந்தார். மருந்து வாங்கவும் போகவில்லை, பஸ் ஸ்டாண்டுக்கும் போகவில்லை. நேரே வீட்டைப் பார்த்து நடந்தார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அடித்தால் நடுவில் விழலாம், வைதால் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம் என்றுதான். ஒரு பெண்பிள்ளையின் படிப்பைக் கெடுத்த பாவி என்று வழியெல்லாம் என்னை நானே வைதுகொண்டேன்.

கோமதித்தாய் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள், பின்னால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. கோனார் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளைத் தாண்டிப் போய், கொட்டிலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த மாடத்தி முன்னால் நின்றார்.

"எங்கன வச்ச?"

"என்னத்த?" என்றாள் அவள்.

"அந்தப் பயலத்தான் கேக்கேன். எங்கன வச்ச?"

மாடத்தி மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த குழையைக் கீழே போட்டாள். கொட்டிலுக்குப் பின்னால், உடைமரத்துக்கு மேற்கே என்று சொன்னாள். பதினான்கு வருஷம் அந்த இடத்தைத் தாண்டித்தான் அவர் ஆடுகளைப் பத்திக்கொண்டு போயிருக்கிறார். போய் நின்றார். கீழே கிடந்த காய்ந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் போட்டார். மாடத்தி போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து பெருவிரலை நீட்டினார். மையைத் தடவிப் பாரத்தில் அழுத்தினேன். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு வாத்தியார் மகனைக் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். இவ போடட்டும். கூட நின்னு பாத்தவ இவதானே" என்றார்.

கோமதித்தாய் பேனாவை வாங்கினாள். அப்பாவின் கைநாட்டுக்குப் பக்கத்தில், சாட்சி என்று அச்சடித்திருந்த இடத்தில், பெயரை முழுசாக எழுதினாள்.

கோனார் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "ஏட்டி, காலேஜு என்னைக்குத் தெறக்கு?" என்று கேட்டார்.

அவள் மை காயட்டும் என்று பாரத்தை ஊதிக்கொண்டிருந்தாள். ஜூன் பதினெட்டு என்று மாடத்திதான் சொன்னாள்.